பிஎல்சி பற்றரியைக் கரன்ட் இருக்கும்போதே மாற்றுங்கள்

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்க அரிசி ஆலைகளில் பழைய பிஎல்சி (மெஷின்களைத் தானாக இயக்கும் சிறு கணினி) வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். பல மொடல்களில் கரன்ட் போன பிறகும் ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) உள்ள புரோகிராமைக் காப்பது உள்ளே இருக்கும் சிறிய லித்தியம் பற்றரிதான், பெரும்பாலும் 3.6 வோல்ட். பற்றரி லைட் எரிந்தால், வேளாண்மை வெட்டு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். நெல் குவியும் நேரத்தில் மின்வெட்டு வந்து புரோகிராம் அழிந்தால், கரன்ட் வந்த பிறகும் ஆலை ஓடாமல் நின்றுவிடும்.

முதலில் புரோகிராமை லெப்டொப்பில் பிரதி எடுங்கள். இது மிக முக்கியம். அப்புறம் மெஷின்களை நிறுத்திவிட்டு, பிஎல்சிக்கு மட்டும் கரன்ட் இருக்கும்போதே பற்றரியை மாற்றுங்கள். சில மொடல்கள் கரன்ட் இல்லாமலும் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம். பனலுக்குள் 230 வோல்ட் இருக்கலாம், பழகிய எலெக்ட்ரீஷியனே செய்யட்டும். மாற்றிய திகதியைப் பனல் கதவில் எழுதி ஒட்டுங்கள்.