போர்டு மாட்டினால் பொறுப்பு கழிந்துவிடுமா?

"அதான் எழுதிப் போட்டிருக்கோமே!" யாராவது வழுக்கி விழுந்ததும் கட்டட உரிமையாளர் வாயில் வரும் முதல் பேச்சு இது. பொருள் விற்பவர் பில்லின் அடியில் அச்சடித்த வரியைக் காட்டுவார். முதலாளி, "செய்யாதேன்னு சொல்லியும் செஞ்சான்" என்பார். மூவரும் செய்யும் தவறு ஒன்றுதான்: சொல்லிவிட்டதையே செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வது.

ஒரு மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படியின் விளிம்பு தேய்ந்து உருண்டிருக்கிறது, கைப்பிடிக் கம்பி ஆடுகிறது, பல்பு போய் நாளாகிவிட்டது. ‘கவனம்’ போர்டு சுவரில், தலைக்கு மேலே. இறங்க வேறு வழியும் கிடையாது. எச்சரித்தால் மட்டும் போதாது, அந்த எச்சரிக்கையின் துணையால் அங்கே வருகிறவர் பத்திரமாக இருக்க முடிய வேண்டும் என்கிறது இங்கிலாந்து, வேல்ஸுக்கான 1957ஆம் ஆண்டுச் சட்டம். குழந்தைகள் பெரியவர்கள் அளவுக்குக் கவனமாக இருக்கமாட்டார்கள் என்பதையும் இடத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர்தான் கணக்கில் வைக்க வேண்டுமாம். நாட்டுக்கு நாடு விதி மாறலாம். ஆபத்து தெரிந்தும் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி எங்கும் வரும். அப்போது கைகொடுப்பது பராமரிப்புப் பதிவேடு. விபத்துக்குப் பிறகு உட்கார்ந்து, ஒரே பேனாவில் ஆறு மாதத்துக்கும் கையெழுத்துப் போட்டு நிரப்பியதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிவேடே இல்லாமலிருப்பது மேல்.

"வேலையைக் காண்ட்ராக்டரிடம் விட்டாச்சு" என்பதும் எப்போதும் காப்பாற்றாது. இங்கிலாந்தில் ஒரு மில்காரர், திறமையான ஆட்களை வைத்துத்தான் நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் இருந்த பழைய சுரங்கக் குழிகள் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்தது. அவர் பக்கம் கவனக்குறைவு இல்லை. ஆனாலும் 1868இல் நஷ்டத்தை அவர்தான் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பானது. வெளியேறினால் கெடுதல் செய்யும் பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைத்தவர் அவர்.

பொருள் விஷயத்தில், "பணம் கொடுத்தவர் இவர் இல்லையே" என்ற வாதம் 1932லேயே செத்துவிட்டது. ஸ்காட்லாந்தில் ஒரு பெண்ணுக்குத் தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பீர். உள்ளே இருப்பது தெரியாத கருநிறப் பாட்டில். மிச்சத்தை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்தது என்பது புகார். வாங்கியவர் யாராக இருந்தாலும், கடைசியில் குடிப்பவர்மீது தயாரிப்பாளருக்குக் கடமை உண்டு என்றது அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை. (நத்தை உண்மையிலேயே இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தது!) கடைக்காரர் செய்யும் தவறு வேறு: சரக்கு எங்கே வாங்கினோம், எந்த பேட்ச் என்ற பில்களைத் தூக்கிப் போடுவது. தயாரித்தவர் யாரென்று காட்ட முடியாத விற்பனையாளரையே தயாரிப்பாளராகக் கருதலாம் என்று 1985இல் ஐரோப்பியச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) விதி வகுத்தது.

முதலாளிகளுக்கு இங்கிலாந்தின் 1976 வழக்கு ஒன்று. பால் வண்டியில் சிறுவர்களை உதவிக்கு வைக்கக் கூடாது என்று டிப்போவில் நோட்டீஸே ஒட்டியிருந்தார்கள். ஊழியர் பதின்மூன்று வயதுப் பையனை ஏற்றிக்கொண்டார். கவனமில்லாமல் ஓட்டியதில் பையனுக்கு அடி. நஷ்டஈட்டுப் பொறுப்பு நிறுவனத்தின் தலையிலும் விழுந்தது. தடையை மீறினாலும் அவர் செய்தது நிறுவனத்தின் வேலைதானே என்றார்கள் நீதிபதிகளில் பெரும்பான்மையோர்.