பழைய ஆடைகளைத் தினமும் உடுத்துவது எப்படி: த்ரிஃப்ட், விண்டேஜ் ஆடைகளுக்குப் புதியவர்களுக்கான செய்முறை

பழைய ஆடை வாங்குவது சுலபம், அதைப் போட்டுக்கொண்டு வெளியே போவதுதான் பலருக்கும் வருவதில்லை. கடையில் பார்த்ததும் மனசு பறிபோன ஜாக்கெட், அலமாரியில் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டே இருக்கும். காலையில் அவசரமாகக் கிளம்பும்போது கை என்னவோ அதே ஜீன்ஸுக்கும் அதே டி-ஷர்ட்டுக்கும்தான் போகும். ஜாக்கெட் மேல் எந்தக் குறையும் இல்லை. அதோடு எதைப் போடுவது என்று யோசிக்காமல் வாங்கியதுதான் காரணம். அதனால் இந்தச் செய்முறை கடையில் தொடங்காது, உங்கள் அலமாரியில் தொடங்கும்.

ஒரு சின்ன விளக்கம் மட்டும்: த்ரிஃப்ட் என்றால் யாரோ உடுத்திய எந்த ஆடையும், போன வருஷத்து ஆடையாகக்கூட இருக்கலாம். 20 வருடங்களாவது கடந்ததைத்தான் பொதுவாக விண்டேஜ் என்கிறார்கள்.

படி 1: நீங்கள் உண்மையில் என்ன உடுத்துகிறீர்கள்?

கடந்த இரண்டு வாரங்களில் உடுத்தியதையெல்லாம் எடுத்துக் கட்டில் மேல் போடுங்கள். உடுத்த ஆசைப்படுவதை எடுக்க வேண்டாம், உடுத்தியதை மட்டும். அதில் எந்த அலங்காரமும் இல்லாத ஐந்தாறு உருப்படிகளைப் பிரித்து வையுங்கள்: இரண்டு பேன்ட் அல்லது ஸ்கர்ட், இரண்டு மூன்று மேல்சட்டைகள், அதிகம் போடும் ஒரு ஜோடி காலணி. இதுதான் உங்கள் அடித்தளம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் தேவைப்படும்.

இனி எந்தப் பழைய ஆடையைக் கையில் எடுத்தாலும் ஒரே கேள்விதான்: இந்தப் போட்டோவில் இருப்பதில் மூன்றோடாவது இது சேருமா? சேராவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். கறாரான விதிதான், ஆனால் அலமாரி நிரம்பி வழியாமல் காப்பது இது ஒன்றே.

படி 2: அளவு எண்ணை மறந்துவிட்டு டேப்பை எடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். லேபிளில் உள்ள எண் எதையும் சொல்லாது. அமெரிக்காவில் பெண்கள் ஆடைகளுக்கு 1958-இல் ஒரு பொது அளவு முறை வந்தது. அதைப் பின்பற்றுவது கட்டாயமாக இருக்கவில்லை, 1983-இல் அதைக் கைவிட்டும்விட்டார்கள். அளவு எண்கள் வருடத்துக்கு வருடம், கம்பெனிக்குக் கம்பெனி நகர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. அந்தக் காலத்து 12 என்பது இன்றைய 12-ஐவிட நன்றாகவே சிறியது. எண்ணைப் பார்த்து மனம் நோகவும் வேண்டாம், குளிரவும் வேண்டாம்.

உடம்பை அளப்பதைவிட, உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஆடையை அளப்பது நல்லது. நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையையும் ஒரு பேன்ட்டையும் தட்டையாக விரித்து இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

சட்டை, ஜாக்கெட்டுக்கு: ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, கை நீளம், பின்கழுத்திலிருந்து கீழ் விளிம்பு வரை.

பேன்ட்டுக்கு: இடுப்புப் பட்டியின் அகலம், இடுப்பெலும்புப் பகுதி அகலம், தொடை அகலம், உள்கால் நீளம், கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல்விளிம்பு வரை உள்ள உயரம். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். பழைய பேன்ட்டுகள் பலவும் தொப்புள் வரை ஏறி உட்கார வெட்டப்பட்டவை. இப்போது நீங்கள் போடும் பேன்ட் இடுப்பெலும்பில் நிற்கிறது என்றால், அதன் இடுப்புப் பட்டி அளவைப் பழையதோடு ஒப்பிடக் கூடாது. பழையது உட்காரும் இடத்தில் உங்கள் உடம்பையே அளந்து பாருங்கள்.

இன்னொன்று, இழுவை, அதாவது இழுத்தால் துணி நீண்டுகொடுக்கும் தன்மை. அதைத் தரும் லைக்ரா இழையை டூபாண்ட் கம்பெனி உருவாக்கியது 1958-இல். ஆனால் அன்றாட ஜீன்ஸில் அது பரவலாகக் கலக்க இன்னும் பல வருடங்கள் ஆயின. பழைய டெனிம் பெரும்பாலும் சுத்தப் பருத்தி, உங்கள் உடம்புக்காகப் பெரிதாக விட்டுக்கொடுக்காது. நின்றுகொண்டு பட்டன் போட முடிகிறதே என்று வாங்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். சட்டை என்றால் இரண்டு கைகளையும் முன்னே நீட்டி யாரையோ கட்டிப்பிடிப்பதுபோல் மடக்குங்கள். முதுகு இழுத்தால் அது சிறியது, அவ்வளவுதான்.

படி 3: கடையிலேயே சோதனை

துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பொட்டுப் பொட்டாக ஓட்டைகள் தெரிந்தால் அந்துப்பூச்சி வேலை, கம்பளியில் இது சகஜம். பிறகு அக்குள், காலர் மடிப்பு, கஃப் (கை முனைப் பட்டி) விளிம்பு, கவட்டு, முழங்கால் ஆகியவற்றைப் பாருங்கள். ஆடை முதலில் தேய்வது இங்கேதான். தையலின் இரு பக்கமும் விரல் வைத்து மெதுவாக இழுங்கள். நூல் மட்டும் விட்டால் தைத்துக்கொள்ளலாம், துணியே கிழிகிறது என்றால் அதன் ஆயுள் முடிந்தது.

எது சரியாகும், எது ஆகாது என்ற தெளிவு இருந்தால் பாதிப் பணம் மிச்சம். பட்டன் இல்லாதது, ஹெம் (கீழ் விளிம்பு மடிப்பு) பிரிந்தது, லைனிங் (உள்துணி) கிழிந்தது எல்லாம் சில்லறை வேலை. ஜிப் மாற்றலாம், கொஞ்சம் செலவாகும். எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் புதிது கோக்கலாம். ஆனால் அக்குளில் மஞ்சளாக, விறைப்பாக இருக்கும் வியர்வைக் கறையையும், பூஞ்சையின் கறுப்புப் புள்ளிகளையும் நம்பிக்கையோடு வாங்காதீர்கள். நிற ஆடைகளில் தோளின் மேல்பக்கம் மட்டும் வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெயில் படும் இடத்தில் பல வருடம் தொங்கியதன் அடையாளம் அது, அதற்கு மருந்து இல்லை.

மிகப் பழைய பட்டில் தனி ஆபத்து ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்கு எடை கூட்ட உலோக உப்புகளை ஏற்றினார்கள். அந்தத் துணி இன்று மடித்த இடத்திலெல்லாம் நீளநீளமாகப் பிளக்கும். பார்க்கலாம், ரசிக்கலாம், உடுத்த முடியாது.

படி 4: வயதைக் கண்டுபிடிப்பது (ஆசை இருந்தால்)

தினசரி உடைக்கு இது அவசியமில்லை, ஆனால் சுவாரசியம். “அறுபதுகளின் ஆடை” என்று சொல்லி விலை ஏற்றுபவர்களிடம் உதவவும் செய்யும். அமெரிக்கச் சந்தைக்கான ஆடைகளில் என்ன இழை, எத்தனை சதவீதம் என்று எழுதுவது 1960-இல் கட்டாயமானது. எப்படித் துவைப்பது என்ற லேபிள் 1972-இல் வந்தது. சொற்கள் இல்லாமல் துவைப்புக் குறியீடுகளை மட்டும் போட அங்கே அனுமதித்தது 1997-இல். ஆகவே வெறும் குறியீடுகள் மட்டும் உள்ள அமெரிக்க ஆடையை எழுபதுகளின் ஆடை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லேபிள் இல்லை என்பது மட்டும் எதற்கும் சாட்சி ஆகாது, குத்துகிறது என்று வெட்டி எறிந்திருப்பார்கள்.

லீவைஸ் ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் உள்ள சிவப்புப் பட்டியில் 1971 வரை பெயர் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (LEVI'S) இருந்தது, அதற்குப் பிறகு முதல் எழுத்து மட்டும் பெரியது (Levi's). ஆனால் பழைய மாதிரியை அப்படியே திரும்பச் செய்த புதிய ஜீன்ஸும் விற்பனைக்கு உண்டு. ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

படி 5: அலமாரிக்குள் வைக்கும் முன் சுத்தம்

வாங்கி வந்ததை நேரே மற்றத் துணிகளோடு வைக்காதீர்கள். கம்பளியாக இருந்தால் காற்றுப் புகாத பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி உள்ள ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். அந்துப்பூச்சியின் முட்டையும் புழுவும் அதில் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறையின் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் துணியில் படியும்.

துவைக்கும் முன் உள்பக்கத் தையல் ஒன்றில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைத் தனியாக, குளிர்ந்த நீரில், சீக்கிரமாகத் துவைத்து எடுக்க வேண்டும். பழுப்பேறிய வெள்ளைப் பருத்திக்கும் லினனுக்கும் ஆக்சிஜன் ப்ளீச் கலந்த வெதுவெதுப்பான நீரில் சில மணி நேர ஊறல் அற்புதம் செய்யும். கம்பளியும் பட்டும் வேறு சாதி: குளோரின் ப்ளீச் அவற்றைக் கரைத்தே விடும், ஆக்சிஜன் ப்ளீச்சும் ஆகாது. கம்பளி சுருங்குவதற்குச் சூடும் குலுக்கலும் காரணம், எனவே குளிர்ந்த நீரில் மெல்ல அமுக்கி எடுத்து, டவலில் சுருட்டி ஈரம் போக்கி, தட்டையாகக் காயவையுங்கள். ரேயான் நனைந்தால் பலம் இழக்கும், முறுக்கிப் பிழியக் கூடாது. லைனிங்குகளில் வரும் அசிடேட் துணியில் நெயில் பாலிஷ் ரிமூவர் படவே வேண்டாம். அதிலுள்ள அசிட்டோன் துணியில் ஓட்டை போட்டுவிடும்.

வாசனைக்கு முதல் மருந்து காற்று, நிழலில் ஓரிரு நாள். போகாவிட்டால் கடைசி அலசலில் கொஞ்சம் வெள்ளை வினிகர். துவைக்கவே முடியாத கோட்டுக்கு நாடக உடைக்காரர்களின் வழி ஒன்று இருக்கிறது: வாசனையில்லாத வோட்காவை உள்பக்கம் லேசாகத் தெளித்துக் காயவிடுவார்கள். முதலில் ஒரு மூலையில் தெளித்துப் பாருங்கள்.

படி 6: டெய்லரிடம் எதைக் கேட்கலாம்

பிடிப்பது எளிது, விடுவது கஷ்டம். பக்கவாட்டைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், கையைச் சுருக்கலாம். பெரிதாக்க வேண்டும் என்றால் உள்ளே துணி இருக்க வேண்டும். ஆடையைப் புரட்டி, தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி மிச்சம் என்று பாருங்கள். ஆண்களுக்கான பழைய பேன்ட்டுகளில் பின்புற நடுத்தையலில் பெரும்பாலும் கணிசமாக விட்டிருப்பார்கள்.

ஜாக்கெட்டின் தோளில் மட்டும் கை வைக்காதீர்கள். மொத்த ஜாக்கெட்டையும் பிரித்துக் கட்டும் வேலை அது. எண்பதுகளின் ஜாக்கெட்டில் உள்ள பெரிய தோள் திண்டு பிடிக்கவில்லை என்று அதை முழுக்க உருவினால், அதற்காகவே வெட்டிய தோள் தொய்ந்து விழும். அதற்குப் பதில் மெல்லிய திண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

பட்டன் மாற்றுவது மிக மலிவான, மிகக் கண்ணில் படும் திருத்தம். பொன்னிறத்தில் மின்னும் பட்டன்களை எடுத்துவிட்டுத் துணியின் நிறத்திலேயே சாதாரணப் பட்டன் வைத்தால், பாதிப் பழைய ஜாக்கெட்டுகள் இன்றைய ஆடையாகிவிடும்.

படி 7: சேர்த்து உடுத்துவது

ஒரு நேரத்தில் கண்ணில் படும் பழைய உருப்படி ஒன்றே போதும். மற்றவை படி 1-இல் பிரித்து வைத்த அடித்தளத்திலிருந்து. ஐம்பதுகளின் ஃப்ராக், அதே காலத்து ஷூ, அதே காலத்து முடி அலங்காரம் எல்லாம் ஒன்றாக வந்தால் மாறுவேடப் போட்டிக்குப் போகிற மாதிரிதான் தெரியும். தெரிந்தே அப்படி உடுத்துபவர்கள் உண்டு, அது வேறு விளையாட்டு.

காலணியில் கவனம் வையுங்கள். ஆடை பழசாகத் தெரிவதா, ஸ்டைலாகத் தெரிவதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதுதான். பூப்போட்ட நீளமான எழுபதுகளின் ஃப்ராக்குக்குக் கீழே எளிமையான வெள்ளை ஸ்னீக்கர் போட்டால் அது இன்றைய உடை.

தளர்வும் இறுக்கமும் ஒன்றையொன்று தாங்க வேண்டும். அகலத் தோள் ஜாக்கெட் என்றால் உள்ளே உடம்போடு ஒட்டும் டி-ஷர்ட், கீழே நேரான ஜீன்ஸ். மடிப்பு வைத்த அகல பேன்ட் என்றால் மேல்சட்டையை உள்ளே செருகுங்கள், இடுப்பு தெரியட்டும். பெரிய சைஸ் ஆண் சட்டையை பட்டன் போடாமல் மெல்லிய பனியனுக்கு மேல் ஜாக்கெட் மாதிரி போடலாம். கையை முழங்கைக்குக் கீழ் வரை மடித்துவிட்டால், சைஸ் பெரிது என்பதே மறைந்துவிடும்.

நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய வெள்ளை பெரும்பாலும் சந்தன நிறத்துக்கு வந்திருக்கும். பளீர் வெள்ளைக்குப் பக்கத்தில் அதைப் போட்டால் அழுக்காகத் தெரியும். நீல டெனிம், பழுப்பு, கரும்பச்சை ஆகியவற்றோடு போட்டால் அதே துணி செழிப்பாகத் தெரியும். கம்பளி, கார்டுராய் போன்ற கனமான பழைய துணியோடு பளபளக்கும் மெல்லிய பாலியஸ்டரைச் சேர்ப்பதையும் நான் தவிர்ப்பேன். ஒன்று மற்றதை மட்டமாகக் காட்டும்.

படி 8: ஒத்திகை

புதிதாகச் சேர்த்த உடையை முதன்முதலில் ஒரு விடுமுறை நாளில், வீட்டிலேயே சில மணி நேரம் போட்டிருங்கள். உட்காருங்கள், குனியுங்கள், படி ஏறுங்கள், தோளில் பை மாட்டுங்கள். குத்தும் லேபிள், மேலேறும் விளிம்பு, விரியும் பட்டன் இடைவெளி எல்லாம் அப்போதுதான் தெரியவரும். பட்டன் இடைவெளிக்கு உள்பக்கம் ஒரு சின்ன அமுக்குப் பட்டன் போதும். எல்லாம் சரியாக இருந்தால் கண்ணாடி முன் ஒரு போட்டோ எடுத்து போனில் தனி ஆல்பத்தில் போடுங்கள். அவசரக் காலையில் யோசிக்க வேண்டியதில்லை, பார்த்து அப்படியே எடுத்து மாட்டலாம்.

அப்புறம், ஸ்வெட்டர்களை ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், தோள் நீண்டுவிடும். மடித்தே வையுங்கள்.