திருகோணமலையில் காணி வாங்குகிறீர்களா? நொத்தாரிசைத் தெரிவு செய்யும் முறை

நிலாவெளியில் 20 பேர்ச் காணி வாங்கி, உறுதி (காணி கைமாறும் பத்திரம்) முடித்து, அயலவருக்கு லட்டும் கொடுத்த பிறகே இந்தப் பாடத்தைப் படித்தேன். வீடு கட்டக் கடன் கேட்டபோது, உறுதி பதியப்படவில்லை என்று வங்கி திருப்பித் தந்தது. எழுதிய நொத்தாரிசிடம் ஓடினேன். "காணிப் பதிவகத்துக்குப் பிரதி அனுப்பியாயிற்றே, தம்பி" என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

படி 1: காணியின் வகையைக் கேளுங்கள். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியென்றால், பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. "கையெழுத்து வைத்தால் போதும், அண்ணன்" என்று ஒப்பந்தத் தாள் நீட்டுபவரிடம் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

படி 2: நீதிமன்றத்தில் முழங்குபவரைத் தேடாதீர்கள். காணிக் கைமாற்றம் நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் நடக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுச் சட்டம். எல்லாச் சட்டத்தரணியும் நொத்தாரிசு அல்லர். நொத்தாரிசின் நியமனப் பத்திரத்தில் அவர் எந்தப் பிரதேசத்தில், எந்த மொழியில் உறுதி எழுதலாம் என்று இருக்கும். தமிழில் எழுதக்கூடியவரையே பிடியுங்கள். வாசிக்கத் தெரியாத உறுதியில் நான் இனிக் கையெழுத்து வைக்க மாட்டேன்.

படி 3: நான் விழுந்த குழி இது. உறுதி மூன்றாக எழுதப்படும். மூலம் உங்களுக்கு, ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்கு, இன்னொன்று நொத்தாரிசிடம். பிரதி போய்ச் சேர்வது பதிவாகாது. மூல உறுதியைப் பதிவகத்தில் கொடுத்து, புத்தகத்தில் ஏற்றி, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்ற குறிப்போடு திரும்பப் பெற வேண்டும். அதற்கிடையில் விற்றவர் அதே காணியை இன்னொருவருக்கு விலைக்கு எழுதி, அவர் மோசடியில்லாமல் முந்திப் பதிந்தால், 1927ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் கை ஓங்கும். என் காணிக்கு எட்டு மாதம் அந்த வாசல் திறந்தே கிடந்தது. ஆகவே, கட்டணம் பேசும் முன் கேளுங்கள்: "மூல உறுதியை எந்த நாளில் பதியக் கொடுப்பீர்கள்? ரசீதை எனக்குக் காட்டுவீர்களா?" முகம் சுளித்தால் வேறு கந்தோர் பாருங்கள். பதிவகத்தில் அந்தக் காணியின் கடந்த 30 ஆண்டுப் பதிவுகளைத் தேடிப் பார்த்த முடிவையும் எழுத்தில் வாங்குங்கள். தேடுவதற்கு நேரில் போகிற நொத்தாரிசு என்றால் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

படி 4: உப்புவெளி, நிலாவெளிக் கரையென்றால் கட்டட அனுமதியையும் இப்போதே கேளுங்கள். கடலின் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். உள்ளூராட்சி சபையின் அனுமதி மட்டும் போதாது.

பிற்சேர்க்கை: இடம்பெயர்ந்து போன தன் தகப்பனின் காணியில் வேறொரு குடும்பம் இருப்பதாக ஒரு சகோதரி எழுதியிருந்தார். தங்கச்சி, இதற்கு நொத்தாரிசு போதாது. உரிமையாளருக்கு எதிராகக் காணியை 10 வருடம் அனுபவித்தவர் உரிமை கோரச் சட்டம் இடம் தருகிறது. மாவட்ட நீதிமன்றத்தில் காணி வழக்கு நடத்திப் பழகிய சட்டத்தரணியை இந்த வாரமே பாருங்கள். பழைய உறுதியின் மூலத்தை மட்டும் ஒருவர் கையிலும் விட்டுவராதீர்கள்.