1889-இன் பதினொருவர்: பழைய 'ஆல்-அமெரிக்கா' பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

எட்கர் ஆலன் போ என்ற பெயரை ஒரு ஃபுட்பால் பட்டியலில் முதன்முறை பார்த்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். திகில் கதைகள் எழுதிய அந்தப் போ 1849-லேயே இறந்துவிட்டார். 1889-இல் பிரின்ஸ்டன் கல்லூரிக்கு ஆட எங்கிருந்து வந்தார்? துருவிப் பார்த்தால், அதே குடும்பம், அதே பெயர், வேறு ஆள். பிரின்ஸ்டன் அந்த ஆண்டு ஹார்வர்டை 41-15 என்று வென்றதும், "இந்தப் போ அந்த மாபெரும் எட்கர் ஆலன் போவுக்கு உறவா?" என்று ஒரு ஹார்வர்டுக்காரர் கேட்டாராம். "இவர்தானே அந்த மாபெரும் எட்கர் ஆலன் போ!" என்று பதில் வந்ததாம். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, ஸ்கோர் நிஜம்.

அந்தப் பெயர் இருந்தது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் முதல் ஆல்-அமெரிக்கா பட்டியலில். நாடு முழுவதும் ஒவ்வோர் இடத்துக்கும் ஆகச் சிறந்த ஒருவர் என்று பதினொரு பேரைப் பொறுக்கி ஒரு கற்பனை அணி அமைப்பார்கள். கிரிக்கெட்டில் நாம் போடும் 'கனவு அணி' மாதிரிதான். இந்தப் பதினொருவரும் ஒரே அணியாக ஒரு நாளும் களம் இறங்கியதில்லை. ஆனாலும் பட்டியலில் பெயர் வந்தால் சாகும்வரை 'ஆல்-அமெரிக்கன்' என்ற பட்டம் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். அந்த ஆட்டமே தெரியாது என்றாலும் கவலை இல்லை. ஒரு நோட்டு, பேனா, பொறுமை இருந்தால் போதும்.

படி 1: பதினொரு கட்டம் வரையுங்கள்

நோட்டில் குறுக்குவாட்டில் ஏழு கட்டம் வரையுங்கள். இதுதான் லைன். இடமிருந்து வலமாக எண்ட், டேக்கிள், கார்டு, சென்டர், கார்டு, டேக்கிள், எண்ட் என்று எழுதுங்கள். அதற்குக் கீழே நான்கு கட்டம்: குவார்ட்டர்பேக் ஒன்று, ஹாஃப்பேக் இரண்டு, ஃபுல்பேக் ஒன்று.

இன்றைய ஆட்டத்தில் தாக்கும் அணிக்கு ஒரு பதினொருவர், தடுக்கும் அணிக்கு வேறொரு பதினொருவர். அன்று அப்படி இல்லை. அதே ஆட்கள்தான் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். அதனால் பழைய பட்டியலில் பதினொரு பெயர்தான் இருக்கும். இன்றைய பட்டியலில் இருபதைத் தாண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

படி 2: 1889-இன் பெயர்களை நிரப்புங்கள்

எண்ட்: அமோஸ் அலோன்சோ ஸ்டாக் (யேல்), ஆர்தர் கம்னாக் (ஹார்வர்டு). டேக்கிள்: ஹெக்டர் கோவன் (பிரின்ஸ்டன்), சார்லஸ் கில் (யேல்). கார்டு: 'பட்ஜ்' ஹெஃபல்ஃபிங்கர் (யேல்), ஜான் க்ரான்ஸ்டன் (ஹார்வர்டு). சென்டர்: வில்லியம் ஜார்ஜ் (பிரின்ஸ்டன்). குவார்ட்டர்பேக்: நம் போ. ஹாஃப்பேக்: ஜேம்ஸ் லீ (ஹார்வர்டு), ராஸ்கோ சானிங் (பிரின்ஸ்டன்). ஃபுல்பேக்: நோல்ட்டன் ஏம்ஸ் (பிரின்ஸ்டன்). களத்தில் வளைந்து நெளிந்து ஓடும் ஏம்ஸுக்குப் 'பாம்பு' என்று பட்டப்பெயர்.

இப்போது கல்லூரி வாரியாக எண்ணுங்கள். பிரின்ஸ்டன் 5, யேல் 3, ஹார்வர்டு 3. கூட்டினால் பதினொன்று. வேறு கல்லூரியே இல்லை! 'அமெரிக்கா முழுவதும்' என்று தலைப்பு; உள்ளே மூன்றே மூன்று கல்லூரி. இந்த இடத்தில் சந்தேகம் வந்தால் நீங்கள் சரியாகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

படி 3: தேர்ந்தெடுத்தது யார்?

ஆரம்பத்தில் நான் தவறவிட்ட படி இது. பட்டியலைப் பார்ப்பேன், வியப்பேன், அடுத்த ஆண்டுக்குப் போய்விடுவேன். தேர்ந்தெடுத்தவர் யார் என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் புரிந்தது.

அன்று வாக்கெடுப்பு கிடையாது, குழு கிடையாது. ஒரே ஓர் எழுத்தாளர் தன் கண்ணால் பார்த்ததையும் நம்பகமான நண்பர்கள் சொன்னதையும் வைத்து எழுதுவார். 1889 பட்டியல் 'தி வீக்ஸ் ஸ்போர்ட்' என்ற வார இதழில் வந்தது. அதில் எழுதியவர் கேஸ்பர் விட்னி. பல பழைய நூல்கள் இந்தப் பெருமையை வால்டர் கேம்ப்புக்குக் கொடுக்கும். விட்னிதான் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. விட்னி 1891 முதல் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் பட்டியல் போட்டார். 1897-இல் அந்த இதழில் கேம்ப் போட்டார். 1898 முதல் கேம்ப் 'கோலியர்ஸ்' இதழுக்குப் போய், 1925-இல் இறக்கும்வரை அங்கேயே ஆண்டு தவறாமல் எழுதினார்.

இந்தக் கேம்ப் சாதாரண ஆள் இல்லை. யேலில் ஆடியவர், பின்பு பயிற்சியாளர். ஆட்டத்தின் விதிகளையே செதுக்கியவர். அணிக்குப் பதினொரு பேர் என்பதும், இரு அணிகளும் ஒரு கோட்டின் இருபுறமும் நின்று தொடங்குவதும் 1880-இல் அவர் கொண்டுவந்தவை. பகலில் நியூ ஹேவன் நகரில் ஒரு கடிகார நிறுவனத்தில் வேலை. அவரால் போக முடியாத நாட்களில் மனைவி ஆலிஸ் யேலின் பயிற்சியைப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்து சொல்வார். என்னைக் கேட்டால் அந்தப் பட்டியல்களில் ஆலிஸுக்கும் ஒரு வரி நன்றி போட்டிருக்கலாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அப்போது வீரர்களின் சட்டையில் எண் கிடையாது. யார் எத்தனை யார்டு ஓடினார் என்று அதிகாரபூர்வமாகக் கணக்கு வைத்தவரும் இல்லை; தேசிய அளவிலான அந்தக் கணக்கு 1937-இல்தான் தொடங்கியது. சேற்றில் புரளும் இருபத்திரண்டு பேரில் யார் யார் என்று கண்டுபிடிப்பதே பெரிய வித்தை. எனவே தேர்ந்தெடுப்பவரின் கண்தான் ஒரே அளவுகோல். உங்கள் நோட்டில் ஒவ்வொரு பட்டியலின் தலையிலும் ஆண்டுக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணுக்குரியவரின் பெயரை எழுதுங்கள்.

படி 4: ஒரு வரைபடம் எடுங்கள்

நியூ ஹேவன் (யேல்), கேம்பிரிட்ஜ் (ஹார்வர்டு), பிரின்ஸ்டன் மூன்றையும் குறியுங்கள். எல்லாம் கிழக்குக் கரையில், ரயிலில் போய்வரும் தூரத்தில். இப்போது சிகாகோவைக் குறியுங்கள். சனிக்கிழமை பிற்பகலில் யேல் ஆடும் அதே நேரத்தில் சிகாகோவும் ஆடும். தொலைக்காட்சி இல்லாத காலத்தில் ஒருவர் இரண்டையும் எப்படிப் பார்ப்பது?

விளைவைப் பட்டியலிலேயே பார்க்கலாம். மூன்று கல்லூரிகளின் வேலியைத் தாண்டி 1891-இல் பென்சில்வேனியாவின் சென்டர் ஜான் ஆடம்ஸ் உள்ளே வந்தார். அவரும் கிழக்குதான். மேற்கிலிருந்து கேம்ப்பின் முதல் அணியில் இடம்பிடித்த முதல் ஆள் சிகாகோவின் கிளாரன்ஸ் ஹெர்ஷ்பெர்கர், 1898-இல். அதாவது முதல் பட்டியலுக்கு ஒன்பது ஆண்டு கழித்து. ஹெர்ஷ்பெர்கரின் பயிற்சியாளர் யார் தெரியுமா? 1889 பட்டியலில் நீங்கள் இடது ஓரக் கட்டத்தில் எழுதிய ஸ்டாக். அவர் 1892-இல் சிகாகோ போய் 1932 வரை அங்கே பயிற்சியாளராக இருந்தார். கிழக்கில் எல்லோருக்கும் தெரிந்த மனிதர் அங்கே இருந்தது ஹெர்ஷ்பெர்கருக்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

மேற்கில் அதுவரை நல்ல ஆட்டக்காரர்களே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பட்டியலில் இல்லாதவர் மோசமானவர் இல்லை. பார்க்கப்படாதவர், அவ்வளவுதான்.

படி 5: அந்த ஆண்டின் விதியைப் பக்கத்தில் எழுதுங்கள்

இது கொஞ்சம் வேலை வாங்கும். ஆனால் சுவையே இங்கேதான்.

1889-இல் ஒரு டச்டவுனுக்கு, அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் வைப்பதற்கு, 4 புள்ளி. அதன் பின் உதைத்துக் கம்பத்துக்கு நடுவே அனுப்பினால் மேலும் 2. களத்திலிருந்தே நேராக உதைத்து அடிக்கும் ஃபீல்டு கோலுக்கு 5! ஓடிப்போய்ப் பந்தை வைப்பதைவிட உதைப்பதற்கு மதிப்பு அதிகம். அதனால் அன்று ஃபுல்பேக் என்றால் உதைக்கத் தெரிந்திருக்க வேண்டும். 'பாம்பு' ஏம்ஸும் பிறகு ஹெர்ஷ்பெர்கரும் உதைக்குப் பெயர்போனவர்கள். டச்டவுனுக்கு இன்றுள்ள 6 புள்ளி 1912-இல் வந்தது.

குவார்ட்டர்பேக் என்றதும் பந்தை நீளமாக எறியும் நட்சத்திரம்தான் நம் நினைவுக்கு வரும். போ அப்படி ஒரு பந்தும் எறிந்திருக்க முடியாது. முன்னோக்கி எறிய 1906-இல்தான் விதி அனுமதித்தது. அவர் வேலை பந்தை வாங்கி உடனே பிறருக்குக் கொடுப்பது, ஆட்டத்தை நடத்துவது. 1906 விதிமாற்றமும் சும்மா வரவில்லை. கூட்டமாக மோதும் ஆட்டத்தில் மாணவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 1905-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது.

கார்டு என்ற பெயரும் ஏமாற்றும். பென்சில்வேனியாவின் டிரக்ஸ்டன் ஹேர் பட்டியலில் கார்டு. ஆனால் அவருடைய அணி கார்டுகளைப் பின்னுக்கு இழுத்து ஆடவைத்தது. எனவே அவர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், உதைப்பார், எல்லாம் செய்வார். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் சம்மட்டி எறிதலில் வெள்ளியும் வாங்கினார்.

படி 6: எத்தனை முறை வந்திருக்கிறார்?

ஹேர் 1897 முதல் 1900 வரை நான்கு முறை. யேலின் கார்டன் பிரவுனும் அதே நான்கு ஆண்டு. ஹார்வர்டின் மார்ஷல் நியூவெல் 1890-93, யேலின் ஃபிராங்க் ஹின்கி 1891-94. ஹின்கியின் எடை சுமார் 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. அந்த உடம்பை வைத்துக்கொண்டு எண்ட் இடத்தில் எல்லோரையும் கதிகலங்க வைத்தார். பின்னாளில் முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்ற விதி பரவியதும் நான்கு முறை என்பதற்கு வழியே அடைபட்டுவிட்டது. எனவே பிற்கால வீரரின் 'மூன்று முறை'யை இந்த 'நான்கு முறை'க்குக் கீழே வைத்து எடைபோடாதீர்கள்.

படி 7: ஒருமித்த தேர்வா என்று பாருங்கள்

நாளாக ஆகப் பத்திரிகைக்குப் பத்திரிகை பட்டியல் போடத் தொடங்கினார்கள். ஒருவர் ஒரு பட்டியலில் முதல் அணி, இன்னொன்றில் மூன்றாவது, வேறொன்றில் ஆளே இல்லை. இதைச் சமாளிக்க என்.சி.ஏ.ஏ. எனும் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பதிவேடு 'கான்சென்சஸ்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அங்கீகரித்த தேர்வாளர்களில் பெரும்பாலோர் ஒருவரைச் சொல்லியிருந்தால் அவர் ஒருமித்த தேர்வு. இப்போது அதற்கு ஐந்து தேர்வாளர்கள். 1889-இல் ஒருமித்த கருத்து என்றால் ஒரே ஓர் ஆளின் கருத்து. சொல் ஒன்று, எடை வேறு.

போர்க்காலத்தையும் கவனியுங்கள். 1917-இல் கேம்ப் வழக்கமான பட்டியலை விட்டு, ராணுவ முகாம் அணிகளில் ஆடியவர்களை வைத்துப் பட்டியல் போட்டார்.

படி 8: பெயரைப் பின்தொடருங்கள்

இதற்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். பட்டியல் முடிந்த இடத்தில்தான் மனிதர் தொடங்குகிறார்.

ஹெஃபல்ஃபிங்கர் 1892 நவம்பர் 12 அன்று அலெகெனி என்ற விளையாட்டு மன்றத்துக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆட 500 டாலர் வாங்கினார். காசுக்கு ஆடியதாக ஆவணம் உள்ள முதல் ஃபுட்பால் வீரர் அவர்தான். அந்த ஆட்டம் 4-0 என்று முடிந்தது. டச்டவுன் வைத்தவரும் அவரே. போட்ட காசு வீண் போகவில்லை. போ வழக்கறிஞராகி 1911-இல் மேரிலாந்து மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஆனார்.

அதே 1911-இல் அமெரிக்க அரசின் உதவி அட்டர்னி ஜெனரல் பொறுப்புக்கு வந்தவர் வில்லியம் ஹென்றி லூயிஸ். இவரும் நம் பட்டியல்காரர். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆடிவிட்டு ஹார்வர்டில் சட்டம் படிக்கப் போனார், அங்கேயும் ஆடினார். இரண்டாவது கல்லூரியிலும் ஆட அன்று தடை இல்லை. 1892, 1893 இரண்டு ஆண்டும் சென்டர் இடத்தில் ஆல்-அமெரிக்கா. அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின வீரர். உங்கள் பட்டியல் 1912-க்குப் போகும்போது ஹாஃப்பேக் கட்டத்தில் பூர்வகுடி வீரர் ஜிம் தோர்ப் வருவார். அதே ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவர். 1918-இல் ரட்கர்ஸ் கல்லூரியின் எண்ட் பால் ராப்சன் வருவார். ஆம், பின்னாளில் உலகமே கேட்ட அந்தப் பாடகர்தான்.

அப்புறம், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு ஆண்டுகள் எழுதுங்கள்: பட்டியலில் வந்த ஆண்டு, கல்லூரி ஃபுட்பால் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்ட ஆண்டு. மண்டபம் இன்று அட்லாண்டாவில் இருக்கிறது. முதல் தொகுதி வீரர்களை 1951-இல் சேர்த்தார்கள். ஸ்டாக், ஹெஃபல்ஃபிங்கர், ஹின்கி, ஹேர், தோர்ப் எல்லோருக்கும் இரண்டாவது கட்டத்தில் 1951 என்று எழுதலாம். லூயிஸுக்கு முதல் கட்டத்தில் 1892, 1893. இரண்டாவது கட்டத்தில் 2009.