பழைய சிறு அவுட்போர்டு மோட்டாரை மீண்டும் ஓட வைப்பது எப்படி?

பல ஆண்டுகள் ஒரு மூலையில் கிடந்த பழைய அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்புறத்தில் பூட்டி ஓட்டும் மோட்டார், கைக்கு வந்ததும், இழுகயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்க்கலாமே என்ற ஆசைதான் எவருக்கும் முதலில் எழும். அந்த ஆசையைச் சில நாள்கள் அடக்கிக்கொள்ளுங்கள். 1940களிலிருந்து 1970கள் வரை விற்பனைக்கு வந்த, 2 முதல் 10 குதிரைத்திறன் வரையிலான டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்காகவே இந்தச் செய்முறையை எழுதுகிறேன். ஜான்சன், எவின்ரூட், பிரிட்டிஷ் சீகல் ஆகியவை இவற்றில் பரவலாகக் கிடைப்பவை. இவற்றில் நேரக்கூடிய கோளாறுகளில் பெரும்பாலானவற்றை ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி, கொஞ்சம் பொறுமை ஆகியவற்றைக் கொண்டு சரிசெய்துவிடலாம். ஆனால் பெட்ரோலில் போதிய எண்ணெய் இல்லாமல் ஓட்டுவது, குளிர்விக்கும் நீர் ஏறாமல் ஓட்டுவது ஆகிய இரண்டு தவறுகள் மட்டும் சில நிமிடங்களிலேயே சிலிண்டரைக் கீறி, மோட்டாரை வெறும் உலோகமாக்கிவிடும். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே அமைந்திருக்கிறது.

படி 1: மோட்டார் எது என்று அறிதல்

படகில் பூட்டும் கவ்வியின் மீது பெரும்பாலும் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். அதிலுள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1950களின் ஜான்சன் மோட்டார்களில் ஜேடபிள்யூ என்று தொடங்கும் எண் 3 குதிரைத்திறனையும், சிடி என்பது 5.5 குதிரைத்திறனையும், கியூடி என்பது 10 குதிரைத்திறனையும் குறிக்கும். ஜான்சனும் எவின்ரூடும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்தவை என்பதால், அக்கால மோட்டார்கள் பலவற்றின் உட்பாகங்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். ஒன்றுக்குத் தேடும் பாகம் மற்றொன்றின் பெயரில் கிடைப்பது அடிக்கடி நடக்கும்.

படி 2: கையால் சுழற்றிப் பார்த்தல்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பிளைவீலை (மோட்டாரின் உச்சியிலுள்ள கனமான சக்கரத்தை) கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். மேலிருந்து பார்க்கையில் கடிகார முள் திசையிலேயே சுழற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுழற்றினால் நீர் பம்பின் ரப்பர் இதழ்கள் தவறான பக்கம் மடிந்துவிடக்கூடும். சுழல மறுத்தால் நெம்புகோல் போட்டுத் திருப்ப வேண்டாம். துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றி நாள்கணக்கில் ஊறவிடுவதே நல்லது. நீண்ட நாள் இறுகிக் கிடந்த பிஸ்டன்கள்கூட ஒரு வாரப் பொறுமைக்குப் பிறகு இளகிக்கொடுப்பதுண்டு.

சுழல்கிறது என்றால் அழுத்தமானியை வைத்து அழுத்தத்தைப் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையிலான வேறுபாடு 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கலாம் அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

படி 3: தீப்பொறி

பேட்டரி இல்லாத இந்த மோட்டார்களில் பிளைவீலுக்குள் பதிந்திருக்கும் காந்தம் சுழன்று, அதன் அடியிலுள்ள காயில்களில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. இந்த அமைப்பைத்தான் மேக்னட்டோ என்கிறோம். முதலில் சோதித்துப் பாருங்கள்: பிளக் ஒயரின் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையே சுமார் 6 மி.மீ. இடைவெளி விட்டு, ஒயரைக் கையால் பிடிக்காமல் ஒரு கிளிப்பில் மாட்டிக் கயிற்றை வேகமாக இழுத்தால், நீல நிறப் பொறி அந்த இடைவெளியைத் தாண்டிப் பாய வேண்டும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

பொறி இல்லையென்றால் பிளைவீலைக் கழற்ற வேண்டியிருக்கும். நடு நட்டைத் தளர்த்திய பின், பிளைவீலின் நடுப்பகுதியில் உள்ள மூன்று மறைத் துளைகளில் பூட்டும் புல்லர் கருவியைக் கொண்டே அதைத் தூக்க வேண்டும். விளிம்பைப் பிடித்து இழுக்கும் கருவி பிளைவீலை வளைத்துவிடும். தண்டின் தலையில் சுத்தியலால் ஓங்கி அடிப்பது மறையைக் கெடுத்துவிடும். கழற்றும்போது தண்டிலுள்ள சிறு சாவித்துண்டைக் கவனமாக எடுத்து வையுங்கள். அது பாதி வெட்டுப்பட்டிருந்தால் பொறி வரும், ஆனால் தவறான நேரத்தில் வரும். எவ்வளவு இழுத்தாலும் மோட்டார் கிளம்பாது.

உள்ளே இருக்கும் காயில்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். 1950களின் ஜான்சன், எவின்ரூட் காயில்களின் மேலுறை காலப்போக்கில் வெடித்துப் பிளப்பது எல்லாருக்கும் தெரிந்த நோய். வெடிப்பு கண்ணில் பட்டால், இன்று பொறி வந்தாலும் புதியதை மாற்றிவிடுங்கள். சூடேறியதும் அது நின்றுவிடும், அதுவும் பெரும்பாலும் கரையிலிருந்து தொலைவில் இருக்கும்போதுதான்.

அடுத்தது பாயிண்ட், அதாவது திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடர்பு முனைகள். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும் பாயிண்ட்டின் முகத்தில்கூட, கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலம் மின்னோட்டத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். மிக மென்மையான உப்புத்தாளால் இரண்டு முகங்களையும் லேசாகத் தேய்த்து, பிறகு ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத் துண்டை இடையில் வைத்து இழுத்து, அது கறையின்றி வரும்வரை துடையுங்கள். தண்டிலுள்ள கேம் என்ற மேடு பாயிண்ட்டை முழுவதுமாகத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளந்து, ஜான்சன், எவின்ரூட், சீகல் மூன்றிலும் 0.5 மி.மீ. என்று வையுங்கள். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி முதலிரண்டில் பொதுவாக 0.75 மி.மீ. என் அனுபவத்தில், செத்துப்போனதாகச் சொல்லிக் கொடுக்கப்படும் மோட்டார்களில் பாதி இந்தத் துடைப்பிலேயே உயிர் பெற்றுவிடுகின்றன.

படி 4: கார்புரேட்டர்

பழைய பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் அதன் பிசின் கார்புரேட்டரின் நுண்துளைகளில் தங்கிவிடுகிறது. ஆகவே வெளியிலிருந்து ஸ்பிரே அடிப்பதோடு நிறுத்தாமல் முழுவதுமாகப் பிரித்து, சுத்திகரிப்புத் திரவத்தில் ஊறவைத்து, ஒவ்வொரு வழியிலும் காற்றை ஊதிப் பாருங்கள். துளைக்குள் கம்பியை விட்டுக் குத்த வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும்.

பல பழைய கார்புரேட்டர்களின் மிதவை தக்கையால் ஆனது. அரக்குப் பூச்சு கொண்டது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தப் பூச்சைக் கரைத்துவிடுவதால், தக்கை எரிபொருளை உறிஞ்சிக் கனத்து, கார்புரேட்டர் வழிந்துகொண்டே இருக்கும். மிதவையை நன்றாக உலர்த்தி, எத்தனாலைத் தாங்கும் பூச்சு ஒன்றைப் பூசலாம் அல்லது புதிய மிதவை போடலாம். மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவை கேஸ்கெட் தளத்துக்கு இணையாக நிற்க வேண்டும்.

மீண்டும் பூட்டும்போது இரண்டு ஊசித் திருகுகளையும் மெதுவாக அடிவரை திருகி, அங்கிருந்து பின்னோக்கித் திறக்க வேண்டும். 1950களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் வேக ஊசியை முக்கால் முதல் ஒரு சுற்று வரையிலும், மெதுவோட்ட ஊசியை ஒன்றரைச் சுற்றும் திறந்து தொடங்கினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். அடியில் இறுக்கி அழுத்தினால் ஊசிமுனையில் வளையம் விழுந்து, பிறகு எந்தச் சரிக்கட்டலும் நிற்காது.

1950களின் சில மோட்டார்களுக்கு இரட்டைக் குழாய் கொண்ட தனி டாங்க் உண்டு. இவற்றில் எரிபொருள் பம்பே கிடையாது. மோட்டாரிலிருந்து வரும் காற்றழுத்தம் டாங்குக்குள் சென்று பெட்ரோலை மேலே தள்ளுகிறது. எனவே ஒற்றைக் குழாய் டாங்க் இவற்றுக்கு ஒத்துவராது. அழுத்தத்தை வெளியேற்றாமல் மூடியைத் திறந்தால் பெட்ரோல் முகத்தில் தெறிக்கும். குழாயும் சீல்களும் பழையவை என்றால் அந்த டாங்க்கைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் கருத்து.

படி 5: நீர் பம்பு

விற்றவர் மாற்றியதாகச் சொன்னாலும் சரி, கீழ்ப்பகுதியைக் கழற்றி இம்பெல்லரை (நீரை மேலே ஏற்றும் இதழ்ச் சக்கரத்தை) கண்ணால் பார்க்காமல் மோட்டாரைக் கிளப்பக் கூடாது. ரப்பர் இதழ்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் மடிந்து கிடந்து விறைத்துப்போயிருக்கும். சில நேரங்களில் ஓரிரண்டு இதழ்கள் உடைந்து மேலே செல்லும் நீர்க்குழாயை அடைத்திருக்கும். புதிய இம்பெல்லரின் விலை, மோட்டாரின் மற்ற எந்தச் சேதத்தோடு ஒப்பிட்டாலும் அற்பம்.

கீழ்ப்பகுதி கழன்றிருக்கும்போதே கியர் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். வெளியே வருவது பால் போல வெளுத்திருந்தால் சீல் வழியாக நீர் புகுந்திருக்கிறது. புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும்வரை செலுத்துங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். சீகலின் கியர் பெட்டி மட்டும் விதிவிலக்கு: அதற்குத் தடித்த எஸ்ஏஈ 140 எண்ணெய் வேண்டும், அதில் சிறிது நீர் கலப்பதும் இயல்புதான்.

படி 6: எண்ணெய்க் கலவை

டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் தண்டையும் பிஸ்டனையும் காப்பது பெட்ரோலில் கலந்து வரும் எண்ணெய் மட்டுமே. அளவு மோட்டாரின் பேரிங்கைப் பொறுத்தது. வெண்கலப் புஷ் கொண்ட பழைய மோட்டார்களுக்கு எண்ணெய்ப் படலம் தடிமனாக வேண்டும். ஊசி பேரிங் கொண்ட பிந்தைய மோட்டார்களுக்குக் குறைவாகவே போதும். ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் 50:1 என்ற விகிதம் 1964ஆம் ஆண்டு மாடல்களோடுதான் வந்தது. அதற்கு முந்தைய 1950களின் மோட்டார்களுக்கு 24:1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 210 மி.லி. எண்ணெய். பழைய சீகல்கள் 10:1 என்ற விகிதத்துக்காகச் செய்யப்பட்டவை. லிட்டருக்கு 100 மி.லி. எண்ணெய் ஊற்ற வேண்டும். புகை வருகிறதே என்று அஞ்சிக் குறைக்காதீர்கள். பிந்தைய சீகல்களுக்கு 25:1 போதும்.

பழைய தகட்டில் எஸ்ஏஈ 30 மோட்டார் ஆயில் என்று எழுதியிருந்தாலும், இன்று டிசி-டபிள்யூ3 என்று குறிக்கப்பட்ட அவுட்போர்டு எண்ணெயே பொருத்தம். மோட்டார் சைக்கிளுக்கான டூ ஸ்ட்ரோக் எண்ணெய் காற்றால் குளிரும் இன்ஜினுக்கானது. அதிலுள்ள சேர்மங்கள் சாம்பலாகப் படிந்து பிளக்கின் இடைவெளியை அடைத்துவிடும். கலவையைத் தனிக் கேனில் நன்றாகக் குலுக்கிய பிறகே டாங்கில் ஊற்றுங்கள்.

படி 7: டிரம்மில் முதல் ஓட்டம்

திறந்தவெளியில் ஒரு பெரிய டிரம்மில் மோட்டாரைப் பூட்டி, நீர் பம்புக்கு மேல் நன்றாக உயரும்வரை நிரப்புங்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் தண்ணீர் முழுவதும் வெளியே தெறித்துவிடும். ஆனால் சுமையில்லாமல் ஓடும் மோட்டாரை முறுக்கி வேகமேற்றக் கூடாது.

டாங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறந்து, சோக்கை மூடி, திராட்டிலைக் கிளப்பும் குறிக்கு நகர்த்தி இழுங்கள். தனிக் கயிற்றைப் பிளைவீலில் சுற்றி இழுக்கும் வகையானால், அதன் முனையை எக்காரணம் கொண்டும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இன்ஜின் எதிர்த்து உதைத்தால் விரல் போய்விடும். கிளம்பியதும் சோக்கைத் திறந்துவிட்டு, உடனே நீரைப் பாருங்கள். 1950களின் பல மோட்டார்களில் இன்று நாம் பார்க்கும் மெல்லிய நீர்த்தாரை கிடையாது. தலைக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையிலுள்ள தூணின் பின்புறத் துளைகளிலிருந்து புகையோடு நீர்த்துளிகள் சிதறுவதே அடையாளம். ஒரு நிமிடத்துக்குள் எதுவும் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஐந்து நிமிடங்கள் ஓடிய பின் சிலிண்டர் ஹெட்டின் மீது ஒரு சொட்டு நீர் விட்டால் அது சீறிக் கொதிக்கக் கூடாது.

படி 8: படகில்

பின்பலகையில் கவ்வித் திருகுகளை இறுக்குவதோடு, ஒரு காப்புக் கயிற்றையும் கட்டுங்கள்; அதிர்வில் தளர்ந்த திருகு மோட்டாரை நீருக்குள் அனுப்பிவிடும். கியர் இல்லாத மோட்டார் கிளம்பிய கணமே படகைத் தள்ளும் என்பதால், முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கயிற்றை இழுக்க வேண்டும்.

இறுதிச் சரிக்கட்டல் சுமையோடு ஓடும்போதுதான் சாத்தியம். மோட்டார் சூடானதும் முழு வேகத்தில் வேக ஊசியைச் சிறிது சிறிதாக உள்ளே திருகி, வேகம் குறையத் தொடங்கும் இடத்திலிருந்து, ஓட்டம் சீராகும்வரை வெளியே திருப்புங்கள். பிறகு இன்னும் ஒரு துளி வெளியே. எரிபொருள் குறைந்த கலவை வேகமாக ஓடுவது போலத் தோன்றினாலும் பிஸ்டனைச் சுட்டுவிடும். அதன் பிறகே மெதுவோட்ட ஊசி. கார்புரேட்டர் தும்முவது போல ஒலித்தால் எரிபொருள் போதவில்லை என்று பொருள்.

புரொப்பெல்லர் பாறையில் இடித்தால் கியர் உடையாமல் காப்பதற்காகவே, அதைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் என்ற சிறு ஊசி முறிகிறது. உரிய பின்கள் இரண்டும், முள் பின் ஒன்றும், இடுக்கியும், ஒரு கூடுதல் பிளக்கும் படகில் எப்போதும் இருக்கட்டும். ஷியர் பின்னுக்குப் பதிலாக எஃகு ஆணியைச் செருகினால், அடுத்த முறை முறிவது கியராக இருக்கும்.

ஓட்டிய பிறகு

உப்பு நீரில் ஓடியிருந்தால் அன்றே நன்னீரில் சில நிமிடங்கள் ஓட்டுங்கள். பிறகு நிமிர்த்தி வைத்து நீர் முழுவதும் வடியவிடுங்கள். கீழ்ப்பகுதி தலையைவிட உயர்ந்திருக்கும்படி மோட்டாரை ஒருபோதும் சாய்க்கக் கூடாது. தூணில் தேங்கிய நீர் புகைவழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். சில வாரங்களுக்கு ஓட்டப் போவதில்லை என்றால் கார்புரேட்டரைக் காலிசெய்து, சிலிண்டர்களில் சிறிது எண்ணெய் விட்டுக் கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்து வையுங்கள்.

மோட்டார் நீரில் விழுந்துவிட்டால், வெளியே எடுத்ததும் காற்றுப் பட்ட நொடியிலிருந்து துரு தொடங்கிவிடுகிறது. நன்னீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, தலைகீழாகச் சாய்த்து நீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டுச் சுழற்றி, மேக்னட்டோவை உலர்த்தி, சில மணி நேரத்துக்குள் ஓட்டிச் சூடாக்க முடிந்தால் பெரும்பாலும் சேதமின்றித் தப்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தது என்றால் பிஸ்டன் தண்டு வளைந்திருக்கக்கூடும். கையால் சுழற்றுகையில் ஏதேனும் தட்டுப்பட்டால், பிரித்துப் பார்க்காமல் கிளப்ப வேண்டாம். அன்றைக்கு உடனே ஓட்ட வழியில்லை என்றால், கழுவிய மோட்டாரை நன்னீர் நிரம்பிய டிரம்முக்குள் முழுவதுமாக மூழ்கடித்து, வேலை செய்ய நேரம் கிடைக்கும்வரை அப்படியே வைத்திருப்பதுதான் உலராமல் வெளியே போட்டு வைப்பதைவிட நல்லது.