திருகோணமலையில் இருந்துகொண்டே படத் தயாரிப்பாளர் ஆவது எப்படி?

தயாரிப்பாளர் என்றதும் காசுப் பெட்டியோடு வருகிற ஒருவரைத்தான் நம்மவர்கள் நினைக்கிறார்கள். காசு போடுகிறவர் முதலீட்டாளர். கதையைத் தெரிவுசெய்து, காசையும் ஆட்களையும் சேர்த்து, படத்தை முடித்து, பார்வையாளர்வரை கொண்டுசேர்ப்பது தயாரிப்பாளரின் வேலை. கையில் காசில்லாதவரும் இதில் இறங்கலாம். கணக்கு எழுதப் பஞ்சிப்படுகிறவர் இறங்க வேண்டாம்.

படி 1: இன்னொருவரின் குறும்படத்தில் தயாரிப்பு உதவியாளராகச் சேருங்கள். வான் பிடிப்பது, சோற்றுப் பார்சல் எடுப்பது, நாளைக்கு யார் எத்தனை மணிக்கு எங்கே வரவேண்டும் என்று அட்டவணை போட்டு அனுப்புவது எல்லாம் உங்கள் தலையில் விழும். தயாரிப்பு முகாமையாளர் ஆவதற்கான வழி அதுதான்.

படி 2: பத்து நிமிடக் கதை, இரண்டு பாத்திரங்கள், இரண்டு இடங்கள். இதற்குமேல் முதல் படத்துக்கு ஆசைப்படாதீர்கள். எழுதியவர் உங்கள் மச்சானாக இருந்தாலும் உரிமை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். இசைக்கும் அப்படியே. சினிமாப் பாட்டைச் சும்மா எடுத்துப் போட்டால் யூடியூப்பே படத்தை முடக்கிவிடலாம்.

படி 3: பட்ஜெட். சாப்பாடு, போக்குவரத்து, கமராவும் ஒலிக் கருவிகளும், எடிட்டிங் என ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள். கருவிகளைக் கொழும்பிலிருந்து வாடகைக்கு எடுத்தால், வந்துபோகும் நாட்களுக்கும் வாடகை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். புதியவர்கள் விட்டுவிடுகிறவை: இரண்டு ஹார்ட் டிஸ்க், சிங்கள, ஆங்கில உபதலைப்புகள், திரைப்பட விழாக்களுக்கான நுழைவுக் கட்டணம். மொத்தத்தில் 10 சதவீதம் அவசரத்துக்கு ஒதுக்குங்கள்.

படி 4: அனுமதி. எங்கள் ஊரில் தயாரிப்பாளரின் கெட்டித்தனம் தெரிவது இங்கேதான். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் போகிறது; அங்கே இராணுவம் இருக்கிறது. ஆகவே கோயில் நிர்வாகத்தின் சம்மதம் மட்டும் போதாது. கன்னியா வெந்நீரூற்றுக்குத் தொல்லியல் திணைக்களம், புறாத் தீவு தேசியப் பூங்கா என்பதால் வனஜீவராசிகள் திணைக்களம். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் உள்ள ஊர், கடிதம் வராமல் ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். கதைக்குப் பெரியம்மா வீட்டு முற்றம் போதுமென்றால் அங்கேயே எடுங்கள், பாதிக் கடிதங்கள் மிச்சம்.

படி 5: நாள் குறித்தல். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி, ஆனால் சுற்றுலாக் காலம். நிலாவெளி, உப்புவெளியில் அறை வாடகை கூடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும், வெளியில் வசனம் பதிவுசெய்வது பெரும்பாடு. சூரியன் கடலிலிருந்து எழும் ஊர் இது, கடற்கரைக் காட்சிகளை விடியலுக்கு வையுங்கள். மறையும் சூரியன் தண்ணீருக்குமேல் வேண்டுமா, உள்துறைமுகப் பக்கம் போய்ப் பாருங்கள்.

படி 6: முடித்த படத்தை உடனே யூடியூப்பில் ஏற்றாதீர்கள். ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தைச் சில விழாக்கள் எடுப்பதில்லை. 2015 இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேச திரைப்பட விழா போன்றவற்றின் விதிகளை முதலில் வாசியுங்கள். மண்டபத்தில் பொதுமக்களுக்குத் திரையிடுவதானால் தணிக்கைச் சபையின் சான்றிதழ் பற்றி நேரத்தோடு விசாரியுங்கள். காசு போட்டவருக்குப் பற்றுச்சீட்டுகளோடு கணக்கைக் கொடுத்துவிட்டு அடுத்த கதையைத் தேடலாம்.