சுரங்கம் இருந்த இடத்து ஏரிக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மூடிய சுரங்கம், கைவிட்ட கல்குவாரி எனப் பழைய தொழில் நிலங்களில் தண்ணீர் நிறைந்து ஏரியாகி நிற்கும் இடங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. பெரும்பாலும் கூட்டம் இருக்காது, அவ்வளவு அமைதி. போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் அவை மனிதன் வெட்டிய பள்ளங்கள். சாதாரண ஏரிக்குப் போகிற பழக்கத்தோடு போனால் ஆபத்து.

முதலில், நிறத்தை நம்பாதீர்கள். இங்கிலாந்தில் பக்ஸ்டன் அருகே ஹார்பர் ஹில்லில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக் குட்டை கண்ணைப் பறிக்கும் நீலத்தில் இருந்தது. அதன் பிஎச் அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 என்றால் நடுநிலை) 11.3, அதாவது கடும் காரம், கிட்டத்தட்ட அமோனியாவுக்குச் சமம். எச்சரிக்கைப் பலகை வைத்தும் ஆட்கள் இறங்கிக் குளித்தார்கள். கடைசியில் 2013இல் உள்ளாட்சி நிர்வாகம் அந்தத் தண்ணீரில் கறுப்புச் சாயத்தையே கலந்துவிட்டது.

நிலக்கரிச் சுரங்க ஏரிகள் பலவற்றில் நேர்மாறு. மண்ணிலுள்ள பைரைட் என்ற இரும்புக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகிறது. மீனும் பெரும்பாலான பாசியும் பிழைக்க முடியாத நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கலாம். கரைக் கற்களை உற்றுப் பாருங்கள். துரு நிறத்தில் படிவம் இருந்தால், தண்ணீரில் கால் நனைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

அடுத்தது கரை. என் கணக்கில் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. சுரங்கம் தோண்டியபோது கொட்டிய மண் இறுகாமல் தளர்வாகவே கிடக்கும். தோண்டும்போது இறைத்து வெளியேற்றிய நிலத்தடி நீர், வேலை நின்றதும் மெல்ல மேலே ஏறி அந்த மண்ணை நனைக்கும். மேலே காய்ந்த மணலாகத் தெரியும், உள்ளே கூழாக இருக்கும். கால் வைத்த தடத்தில் தண்ணீர் ஊறினால் உடனே பின்வாங்குங்கள். ஜெர்மனியில் நாக்டெர்ஸ்டெட் என்ற ஊரில் 2009 ஜூலை 18 அன்று சுரங்க ஏரியின் கரை சரிந்து, வீடு உள்ளே போய், மூன்று பேர் இறந்தார்கள். பல ஆண்டுகள் அந்த ஏரியை மூடி வைத்திருந்தார்கள். அதனால் வேலியில் யாரோ பிரித்து வைத்த சந்து இருந்தாலும் நுழையாதீர்கள்.

அனுமதித்த இடத்தில் நீந்துவது சரி. குதிப்பது வேண்டாம். குவாரிச் சுவர் நேராக இறங்கும், மேல்நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் சில மீட்டர் கீழே உறைய வைக்கும் குளிர். நீருக்கடியில் பழைய இரும்பும் கிடக்கலாம்.

ஸ்பீக்கரை வீட்டிலேயே வையுங்கள், சத்தம் பறவைகளைக் கலைக்கும். வெறும் சரளைத் தரையில் உப்புக்கொத்திப் பறவைகள் முட்டையிடும். முட்டை கூழாங்கல் மாதிரியே புள்ளி போட்டிருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். பாதையை விட்டு இறங்காமல் நடப்பதே நல்லது.

இன்னொரு தவறு, தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது. ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில், லிக்டெர்ஃபெல்ட் அருகே பெர்க்ஹைடர் ஏரிக்கரையில் எஃப்60 என்ற ராட்சத இயந்திரம் நிற்கிறது. நீளம் 502 மீட்டர். நிலக்கரிக்கு மேலே 60 மீட்டர் வரை இருக்கும் மண்ணை அகற்றிக் கொட்டுவதற்காகக் கட்டியது, இப்போது பார்வையாளர்கள் ஏறிப் பார்க்கலாம். முதலில் அதில் ஏறுங்கள், அப்புறம் கரைக்கு வாருங்கள். உங்கள் காலடியில் இருக்கும் மண் எப்படி அங்கே வந்தது என்று தெரிந்துகொண்டு நிற்பீர்கள்.